கை நனைக்காத சம்பந்தி

செப்டம்பர் 25, புதன்

ஒருவழியாக வந்து சேர்ந்தேன். மதுரை, சென்னை, துபாய், மாட்ரிட், அப்புறம் ஒரு ரயில். இடுப்பு தனியாகக் கழன்று வருகிறது. ஊர் பேர் சரகோசா. ஸ்பெயினில் இப்படி ஓர் ஊர் இருப்பது போன வருஷம் வரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

செண்பா ஸ்டேஷனில் தனியாக நின்றாள். அந்தப் பையனைக் கூட்டி வரவில்லை. புத்திசாலி. வந்த களைப்பில் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே மகள். இன்ஜினியருக்குப் படித்து, இங்கே காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் ஓர் ஐஸ்கிரீம் கடைக்காரன் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். "நீ சரின்னு சொன்னாத்தாம்மா கல்யாணம். இல்லன்னா இல்ல. ஆனா நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றாள். வந்துவிட்டேன். பதிலை ஊரிலிருந்தே கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

பையன் வேற்று நாட்டுக்காரன், வேற்று மதம், சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள், அதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. பேசட்டும். கடைக்காரன் என்பதுதான் பெரிது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைக்கு வாக்கப்பட்டவள் நான். கல்யாணமான மறுவாரம் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றேன். முப்பத்தொரு வருஷமாக அங்கேயேதான் நிற்கிறேன். பாகு கொதிக்கிற அனல் ஒரு பக்கம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கத்துகிற கூட்டம் ஒரு பக்கம். என் மகளாவது உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதான் அவளைப் படிக்க வைத்தேன். அவள் என்னடா என்றால் கடல் தாண்டிப் போய் ஒரு கடையைப் பிடித்திருக்கிறாள்.

அவர் வரவில்லை. "கடைய யாரு பாக்கிறது?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது, கல்யாணமான நாளிலிருந்து.

செப்டம்பர் 26

அவர் போன். ஏலக்காய் டப்பா எங்கே என்று கேட்டார். நான் ஸ்பெயினில் இருக்கிறேன் என்றேன். அது தெரியும், ஏலக்காய் எங்கே என்றார்.

செப்டம்பர் 28, சனி

இன்றைக்குக் கடையைப் பார்க்கப் போனோம். ட்ராமில் ஏறி, ஆற்றோரத்துப் பெரிய மாதாகோயிலுக்கு முன்னால் இறங்கி, பின்னால் ஒரு சந்து. சந்து முக்கில் 'காசா எஸ்பி' என்று பச்சை எழுத்தில் போர்டு. காசா என்றால் வீடு, எஸ்பி என்பது அவர்கள் குடும்பப் பெயராம். எனக்குப் போலீஸ் சூப்பிரண்டு ஆபீஸ் மாதிரி இருந்தது.

நூறு வருஷத்துக் கடை. பையனுடைய கொள்ளுத்தாத்தா தெற்கே ஏதோ மலையூரிலிருந்து வந்து ஆரம்பித்தது. சுவர் நிறைய போட்டோ. எல்லாப் போட்டோவிலும் மீசை, எல்லா மீசைக்குப் பக்கத்திலும் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். ஒருத்தியும் உட்கார்ந்திருக்கவில்லை. முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன்.

வெள்ளைப் பளிங்கு மேஜைகள். நம் ஊர் ஐஸ்கிரீம் கடை மாதிரி கண்ணாடிக்குள் கலர் கலராக வைத்திருக்கவில்லை. மேடையில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் எவர்சில்வர் மூடி. மூடியைத் திறந்து, தட்டைக் கரண்டியால் வழித்துக் கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணில் காட்டாமலே விற்கிறார்கள். நம்பி வாங்குகிற ஜனம் போலிருக்கிறது.

பையன் பேர் ஆல்வரோ. என் வாயில் ஆழ்வார் என்றுதான் வருகிறது. ஒல்லியாக, உயரமாக, நல்ல களை. கும்பிட்டு, "வணக்கம் அத்த" என்றான். யாரைக் கேட்டு அத்தை? செண்பாவை ஒரு பார்வை பார்த்தேன். அவள் மோட்டு வளையைப் பார்த்தாள்.

அவன் அம்மா ரெமெடியோஸ். ரெமே என்று கூப்பிடுகிறார்கள். என் வயசுதான் இருக்கும், குட்டையாக, கட்டுமஸ்தாக. ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். நான் கையை நீட்டுவதா கும்பிடுவதா என்று யோசிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அப்பா ஹோவாகின் பின்கட்டில் இயந்திரத்தோடு நின்றார். தலையை நீட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நம் வீட்டு மனிதர் மாதிரியேதான்.

அப்புறம் வந்தது வம்பு. மேஜை நிறையக் கிண்ணங்களைக் கொண்டுவந்து பரப்பினார்கள். பாதாமும் தேனும் போட்டது, பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சிய பால், கோரைக்கிழங்குப் பால், இன்னும் என்னென்னவோ. ஹோவாகினும் வெளியே வர, மூன்று பேரும் வரிசையாக நின்று என் வாயையே பார்த்தார்கள்.

சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கே யோசிப்போம். சாப்பிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். முடியாது என்று சொல்ல வந்த நான் எப்படி வாயில் வைப்பேன்? கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐஸ்கிரீம் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தது.

செண்பா ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். ரெமே நெஞ்சில் கையை வைத்து, பாவம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். கிண்ணங்கள் உள்ளே போயின.

"என்னடி சொன்ன?"

"ஒனக்குச் சர்க்கரன்னு."

"எனக்குச் சர்க்கரயா? இந்த வயசுலயும் எனக்கு ஒரு வியாதி கெடையாது. ஒன் வாயாலயா வரணும்?"

"பின்ன என்னத்தச் சொல்ல? எங்கம்மா ஒங்க வீட்ட வேண்டாம்னு சொல்ல வந்துருக்காகன்னா?"

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் அடித்த காற்றில் சேலையைப் பிடிப்பதா, மகளைத் திட்டுவதா என்று ஆகிவிட்டது. இந்தக் காற்றுக்குத் தனியாக ஒரு பேரே வைத்திருக்கிறார்களாம். சேலை கட்டுகிற ஊராக இருந்தால் வேறு மாதிரி பேர் வைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 29

காலையில் ஆழ்வார் ஒரு டப்பாவோடு வாசலில் நிற்கிறான். அவன் அம்மா ராத்திரியோடு ராத்திரியாக எனக்கென்று சர்க்கரை இல்லாத ஐஸ்கிரீம் செய்து கொடுத்தனுப்பியிருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். செண்பா அவனை நடைக்குக் கூட்டிப் போய் மெதுவாகப் பேசிவிட்டு வந்தாள். டப்பா ஃபிரிட்ஜில் இருக்கிறது. நான் தொடவில்லை.

அக்டோபர் 1

செண்பா ஆபீஸ் போய்விட்டாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு நான் ஆள் இல்லை. ட்ராமில் தனியாக ஏறிப் போனேன். கடைக்கு எதிரே ஒரு மரத்தடி பெஞ்சு. அங்கே உட்கார்ந்து கடையை நோட்டம் விட்டேன். கல்யாணம் விசாரிக்க வந்தவள், விசாரிக்க வேண்டாமா?

பார்த்தது: ரெமே நின்றுகொண்டே இருக்கிறாள். கூட்டம் இல்லாத நேரத்திலும் துணியை எடுத்துத் துடைத்ததையே துடைக்கிறாள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாள். எனக்கு அதைப் பார்த்ததும் என் காலே வலித்தது. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி இல்லை. அவ்வளவுதான், எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது என்று எழுந்தேன்.

அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதனால் ரெண்டு பேரும் தாராளமாகப் பேசினோம். அவள் தன் முட்டியைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னாள். நான் என் குதிகாலைக் காட்டினேன். அவள் தலையாட்டினாள்.

சும்மா இருக்க முடியாமல் பையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்தவள் அப்படியே நிறுத்தி, மிட்டாயைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மறுபடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்து, பாகு சுட்ட தழும்புகளைத் தடவினாள். என் கையை இப்படி ஒருத்தரும் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது.

நானும் ஒரு மிட்டாய் தின்றேன். நம் மிட்டாயை நாம் தின்பதில் குற்றமில்லை. அவள் தின்றதுதான் கணக்கு. அவள் எங்கள் வீட்டுப் பண்டத்தில் கை நனைத்துவிட்டாள், நான் இன்னும் நனைக்கவில்லை. ஆக இதுவரை நான்தான் ஜெயித்திருக்கிறேன்.

அக்டோபர் 3

மறுபடியும் பெஞ்சு. ரெமே வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், போனாள். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் வீடு தேடி வந்த மனுஷியைக் கேட்க வேண்டாமா?

அவர் போன். செட்டியார் வீட்டு ஆர்டருக்கு வட்டமா சதுரமா என்றார். சதுரம் என்றேன். "ஒடம்பு எப்படி இருக்கு?" என்றார். பரவாயில்லை என்றேன். "சரி, கூட்டமா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 5, சனி

இன்றைக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

செண்பா ஆபீஸில் அவசர வேலை என்று காலையில் கிளம்பினாள். சனிக்கிழமை என்ன ஆபீஸ் என்று கேட்டேன். டர்பைனில் ஏதோ கோளாறு என்றாள். சாயங்காலம் நான் பெஞ்சுக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண், மூடியைத் திறக்கிறாள், வழிக்கிறாள், கோனில் அப்புகிறாள், நீட்டுகிறாள், மேடையைத் துணியால் ஒரே இழுப்பில் துடைக்கிறாள். அந்த இழுப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அது என் இழுப்பு.

நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் ஒரு கிழவருக்குக் கோனை நீட்டி ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். ரெண்டு கோடையாக, ஒவ்வொரு சனி ஞாயிறும் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்.

"அவன் நிக்கச் சொன்னானா?"

"இல்லம்மா. அவன் வேண்டாம்னான். நான்தான் கேட்டேன்."

"எதுக்கு?"

"புடிச்சிருக்கு."

"பெறகு வேல?"

மார்ச் மாசத்தோடு கம்பெனியை விட்டுவிட்டுக் கடைக்கு வரப்போகிறாளாம். அவனைக் கட்டிக்கொள்வதற்காகக் கடைக்குப் போகவில்லை. கடைக்குப் போன இடத்தில்தான் அவனைப் பார்த்திருக்கிறாள்.

என்னென்னவோ கத்தினேன். "ஒன்ன இதுல இருந்து தப்ப வைக்கத்தானடி நான் அதுல கெடந்து வெந்தேன்" என்றேன். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று எவன் சொன்னானோ, அவன் நாசமாய்ப் போக.

அக்டோபர் 6

பேசவில்லை. உப்புமா.

அக்டோபர் 7

அவள் ஆபீஸுக்கு லீவு போட்டாள். ரெண்டு பேரும் ரெண்டு அறையில் இருந்தோம். மத்தியானம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஏன் வீட்டுக்குப் போகாம நேரா கடைக்கு வருவேன், தெரியுமா?"

"மிட்டாய்க்கு."

"மிட்டாய் வீட்டுலயும்தான் இருந்துச்சு. ஒன்னப் பாக்க வருவேன். வீட்டுல நீ சிரிச்சு நான் பாத்ததில்ல. கடையிலதான் பாத்துருக்கேன்."

"நான் யாரப் பாத்துடி சிரிச்சேன்?"

"எல்லாரையும். பஸ்ஸுக்கு ஓடுறவங்களைக்கூடப் புடிச்சு நிறுத்தி வம்பளப்ப. கண்டக்டரு ஒன் பேச்சக் கேட்டுக்கிட்டு விசிலடிக்காம நிப்பாரு. அந்த எடத்துல ராணி மாதிரி இருப்பம்மா. எனக்கும் அது வேணும்னு அப்பவே தோணுச்சு. கம்பெனியில நாள் பூரா ஒரு மனுஷ மொகத்தப் பாக்குறதில்ல, கம்ப்யூட்டர்தான்."

எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லை. கால் வலித்தது ஞாபகமிருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் இவளைத் தூக்கி வைத்துக்கொள்ள நேரமில்லாமல் மிட்டாய்ப் பெட்டிகளுக்கு நடுவே தூங்க வைத்தது ஞாபகமிருக்கிறது. சிரித்தது ஞாபகமில்லை.

"எனக்குப் பிடிக்கலன்னா வெளிய வந்துருவேன். என்னைய யாரும் கட்டிப்போடல. ஒன்னய மாதிரி இல்ல. ஒன்னய யாரும் கேக்கவே இல்ல" என்றாள்.

அது வாஸ்தவம். யாரும் கேட்கவில்லை.

வெண்டைக்காய் அடி பிடித்துவிட்டது. அதையேதான் சாப்பிட்டோம். ராணி மாதிரி என்று சொன்னாளே, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்வாள்.

அக்டோபர் 12, சனி

ஊர்த் திருவிழா. இங்கே தூணின் மேல் நிற்கிற ஒரு மாதா. ஊர் ஜனம் பூராவும் பழங்காலத்து உடுப்பு உடுத்தி, பூக்கொத்தோடு வரிசையில் போய் மாதாவுக்குச் சாத்துகிறார்கள். பூவெல்லாம் சேர்ந்து மலை மாதிரி நிற்கிறது. நம் பூச்சொரிதல்தான். கைக்குழந்தைக்கும் சால்வை போட்டுக் கொண்டையில் பூ வைத்திருந்தார்கள். செண்பா எனக்கும் ஒரு கொத்து வாங்கிக் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன வேண்டினேன் என்று எழுதமாட்டேன்.

அங்கிருந்து அத்தனை கூட்டமும் நேரே கடைக்குத்தான் வந்தது. என்னை மூலை மேஜையில் உட்கார வைத்தார்கள். வரிசை சந்தைத் தாண்டிப் போய்விட்டது. செண்பாவும் ஆழ்வாரும் ரெமேயும் மூன்று பேர் கையும் போதாமல் அல்லாடுகிறார்கள். கழுவாத கண்ணாடிக் கிண்ணங்கள் மலையாகக் குவிகின்றன. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு பிள்ளை அழுதது. ஒரு அம்மா வரிசையை விட்டுப் போகத் திரும்பினாள்.

வாடிக்கையாளர் திரும்பிப் போவதை என்னால் பார்க்க முடியாது. அது வியாதி. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். யாரும் கூப்பிடவில்லை. கிண்ணத்தைக் கழுவினேன், துடைத்தேன், அடுக்கினேன். அப்புறம் கோன்களை எடுத்து நீட்டினேன். அப்புறம் வரிசையில் முந்தி வந்த ஒரு தடியனைத் தமிழிலேயே பின்னால் போகச் சொன்னேன். போனான். அழுத பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஆட்டிவிட்டு ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தேன். அந்த அம்மா திரும்பி வந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஹோவாகின் பின்கட்டிலிருந்து புதிதாக அடித்த ஒரு தொட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எங்கள் கடையில் புதுப் பாகு, புது ஈடு எது வந்தாலும் ருசி பார்க்காமல் விற்பனைக்குப் போகாது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். என் சுண்டு விரல் என்னைக் கேட்காமலே தொட்டிக்குள் போய் நாக்குக்கு வந்துவிட்டது.

பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்ட பால். நல்ல ஜில்லிப்பு. கடைசியில் லேசாக ஓர் உறைப்பு. சரியாக இருக்கிறது, விற்கலாம் என்று தலையாட்டினேன்.

நிமிர்ந்தால் செண்பா கரண்டியைப் பிடித்தபடி சிலையாக நிற்கிறாள். ஆழ்வாரும் நிற்கிறான்.

"அம்மா, நீ..."

"கூட்டத்தப் பாருடி."

அக்டோபர் 13

வேலை பார்க்கும்போது ருசி பார்ப்பது சாப்பிடுவது ஆகாது. சமையல்காரர் உப்புப் பார்த்தால் விருந்துண்டார் என்று யாராவது சொல்வார்களா? இதைச் செண்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

உடம்பெல்லாம் வலி. ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 14, திங்கள்

திருவிழா லீவிலிருந்த செண்பாவோடு பெஞ்சுக்குப் போனால் கடை வாசலில் சாமான்கள் கிடக்கின்றன. மேஜைகளைக் கவிழ்த்துத் துணி போட்டு மூடுகிறார்கள். இயந்திரத்தைப் பிரித்துக் கழுவுகிறார்கள். மிச்சமிருந்த ஐஸ்கிரீமைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள். யார் செத்தது என்று செண்பாவைக் கேட்டேன்.

யாரும் சாகவில்லை. திருவிழா முடிந்தால் கடையைச் சாத்திவிடுவார்களாம். மார்ச் மாசம்தான் இனித் திறப்பு. நூறு வருஷமாக அப்படித்தானாம். குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

கடையைச் சாத்துவதா? அஞ்சு மாசமா? எங்கள் கடை ஷட்டர் பகலில் இறங்கி நான் பார்த்தது மாமனார் செத்தபோதும் பந்த் அன்றைக்கும்தான், பந்த்துக்கும் முக்கால்வாசிதான்.

ரெமே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். செண்பாவை நடுவில் உட்கார்த்தி வைத்துக் கேட்டேன்.

"அஞ்சு மாசம் என்ன செய்வீங்க?"

தூங்குவேன் என்றாள். அப்புறம் அக்காவோடு போய் ஆலிவ் பறிப்பேன், கடலுக்குப் போவேன், கிறிஸ்துமஸுக்குப் பாதாம் மிட்டாய் கிண்டுவேன், மறுபடி தூங்குவேன் என்றாள். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"ஒருத்தரும் தெறக்கணும்னு சொல்லலையா?"

சொன்னார்களாம். ரெமே கல்யாணமாகி வந்த புதுசில், குளிர்காலத்தில் காபி விற்கலாம், சும்மா சாத்திப் போடுவானேன் என்று மாமியார்க்காரி ஆரம்பித்தாளாம். ரெமே கைக்குழந்தையாக இருந்த ஆழ்வாரைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரெண்டு வாரத்தில் மாமியார் கடையைச் சாத்திவிட்டு, தானே வந்து அழைத்துப் போனாளாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். எனக்குச் சர்க்கரை இல்லை என்று அவளுக்குப் பெஞ்சில் உட்கார்ந்த அன்றைக்கே தெரியுமாம். வெல்லப்பாகு மிட்டாயை அவள் எதிரிலேயே கடித்துத் தின்றேனே. வீட்டில் மகனைப் பிடித்து உலுக்கி, கை நனைக்கிற விஷயத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அந்த அம்மா தீர யோசிக்கட்டும், யாரும் ஐஸ்கிரீம் என்று வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டாளாம். அதனால்தான் கேட்கவில்லை. நான் அவளைத் தப்பாக நினைத்திருந்தேன்.

செண்பா இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். கை விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். சின்ன வயசில் பரீட்சை மார்க்கைச் சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் செய்வாள். இவளுக்கு இருபத்தொன்பது வயசாகிறது, நான் என்ன சொல்வேனோ என்று இன்னும் பயப்படுகிறாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தையில வச்சுக்கிடலாம்னு சொல்லு" என்றேன்.

"என்னத்தம்மா?"

"கல்யாணத்தத்தான். அவங்க கடையும் அப்ப சாத்தித்தான இருக்கும். எல்லாரும் கோவில்பட்டிக்கு வரட்டும். ஒண்ணு மட்டும் ஒறுதியாச் சொல்லிரு. நீ கடையில நில்லு, வேண்டாங்கல. ஆனா சாத்துற மாசம் சாத்தியே ஆகணும். எவனாவது காபி, டீன்னு ஆரம்பிச்சா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்துரு."

செண்பா அழுததில் பாதிதான் மொழிபெயர்த்தாள். ரெமேவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இந்தத் தடவை முத்தம் வரும் என்று தெரிந்ததால் நான் கன்னத்தைக் காட்டினேன்.

அக்டோபர் 15

மத்தியானம் அவருக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம், கூட்ட நேரம். பரவாயில்லை என்று போட்டேன். முதலிலிருந்தே சண்டைக்குத் தயாராக இருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும், எதற்கு எப்படி மடக்க வேண்டும் என்று காலையிலிருந்து மனசில் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"ஏங்க, பேசி முடிச்சாச்சு. தையில கல்யாணம். நம்ம ஊர்ல."

"அப்படியா. நல்லது, நல்லது. பிள்ள சந்தோஷமா இருக்காளா?"

"இருக்கா."

"தையிலன்னா ஆர்டர் நேரமாச்சே."

"கடையச் சாத்துங்க."

பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சாத்திருவோம்" என்றார்.

அவ்வளவுதான். நான் சேர்த்து வைத்திருந்த நியாயமெல்லாம் அப்படியே கையில் நிற்கிறது.

"என்ன, ஒரு வார்த்த எதுத்துப் பேசாம சாத்திருவோம்கீக?"

"நீ இதுக்கு முந்தி சொன்னதில்லையே, தாயி." கடைக்குள்ளிருந்து வெளியே வந்திருப்பார் போல, குரல் தெளிவாகக் கேட்டது. "எங்கய்யா செத்த வருஷம், ஒரு மாசம் சாத்திப்போட்டு ஒன்னயும் பிள்ளையையும் எங்கனயாவது கூட்டிட்டுப் போவோம்னு நெனச்சேன். காரியம் முடிஞ்ச மறுநாளு காலையில எந்திரிச்சுப் பாத்தா, நீ குளிச்சிட்டு வந்து ஷட்டரத் தூக்கிட்டு நிக்க. சரி, இவளுக்குக் கடைன்னா உசுரு, நாம கெடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"எனக்கா உசுரு? ஒங்களுக்கு உசுருன்னுதான நான் தூக்குனேன்."

கோவில்பட்டியில் யாரோ கால் கிலோ கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்க என்று அவர் சொல்வது கேட்டது. வாடிக்கையாளரை அவர் பொறுக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும் மூக்கு அடைத்திருந்தது.

"எத்தன நாளைக்குச் சாத்துறது?" என்றார்.

"பத்து நாள்."

"சரி."

உடனே சரி என்றுவிட்டார். இத்தனை வருஷம் வியாபாரத்தில் நின்றும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஒரு மாசம் என்று ஆரம்பித்திருக்க வேண்டும்.